கப்பலை ஒட்டின கை

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலையில் பசியாறக்கூட உட்காராமல் பியாட்ரிஸ் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினாள். அடித்தட்டைத் தூக்கிய மறுகணம், "மாதாவே" என்றாள். அது ஜெபம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 'தூயவர்' பாடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு மூச்சை விட்டது. பியாட்ரிஸ் ஒயரை ஆட்டினாள், அழுத்தினாள், பாட்டுப் புத்தகத்தை வைத்து முட்டுக்கொடுத்தாள். ம்ஹூம். பக்கத்தில் நின்ற ஆட்ரி கைப்பேசியை எடுத்து ஒரு குட்டி ஸ்பீக்கரில் பதிவு இசையைத் தட்டிவிட்டாள். பாட்டு முடிந்து கோயிலே முழங்காலிட்ட பிறகும், கடைசி வரிசையில் ஒரே ஓர் ஆள் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் வேறு யாருமில்லை, பியாட்ரிஸின் புருஷன் லூயிஸ்தான். இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பியாட்ரிஸுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் ஆட்ரி வந்தாள். பாடகர் குழுவை இந்த வருடம்தான் ஏற்று நடத்துகிறாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, சனிக்கிழம சாயந்தரம் ப்ராக்டிஸுக்குள்ள கீபோர்டு ரெடின்னா நீங்களே வாசிங்க. இல்லன்னா இனிமே ட்ராக் போட்டே பாடிக்கலாம் லா. மிஷேல் கல்யாணப் பூசைக்கும் அதையே வச்சுக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்."

ரெஸ்ட்டாம். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாசித்துவிட்டு, பெற்ற மகள் கல்யாணத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் ரெஸ்ட் என்றால், அந்த ரெஸ்ட் பியாட்ரிஸுக்கு வேண்டாம். வாரம் முழுக்க அவள் வீடியோ பார்த்தாள். ஒயர் செருகும் துளைக்குப் பின்னால் இருக்கும் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும், அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும் என்று விளங்கியது. இணையத்தில் சொல்லி, பென்சில் தடிமனில் ஒரு சோல்டரிங் அயன் வரவழைத்தாள். வீட்டில் எல்லோரிடமும், குறிப்பாக லூயிஸிடம், "இதுல யாரும் கை வைக்காதீங்க, நானே பண்ணிக்கிறேன்" என்று சொல்லியும் வைத்தாள்.

இப்போது அந்தத் துளைக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவில் ஒரு ஈய உருண்டை உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பிசுக்கு. பக்கத்துப் பற்றுகள் மேலெல்லாம் அப்பிக் கிடந்தது.

"ஏங்க."

"என்னா?" ஹாலிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இங்க வாங்க."

லூயிஸ் கோப்பிக் குவளையைத் துண்டில் சுற்றிப் பிடித்தபடி வந்தார்.

"கோப்பிய என்னா புள்ள மாதிரி சுத்தி வச்சிருக்கீங்க?"

"சூடு லா."

"இதுல யாரு கை வச்சது?"

லூயிஸ் முகம் மலர்ந்தது. "ஒனக்கு எதுக்குக் கஷ்டம்னுதான். நேத்து நீ மார்க்கெட்டுக்குப் போனப்ப முடிச்சிட்டேன்."

"லைட்டு எரிஞ்சுச்சா?"

"எரியும். கொஞ்சம் காயணும்."

"ஈயம் காயணும்னு எந்த ஊர்ல சொன்னாங்க? அது என்னா பெயிண்ட்டா?"

"அப்ப கீபோர்டுலதான் கோளாறு. என் ஒட்டுல ஒண்ணுமில்ல. கப்பலையே ஒட்டினவன் நான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லூயிஸ் பாசிர் கூடாங் பக்கம் கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒட்டிய கப்பல்கள் இன்னும் எந்தெந்தக் கடலிலோ மூழ்காமல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதை பியாட்ரிஸ் மறுக்கவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எது உடைந்தாலும் அந்தக் கப்பல் வந்து நடுக்கூடத்தில் நிற்கும்.

"எந்த ஈயத்த எடுத்தீங்க?"

அவர் பின்கட்டுக்குப் போய்க் கொண்டுவந்து வைத்தார். கூரைத் தகரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வைக்கிற கம்பி, சுண்டு விரலில் பாதித் தடிமன். தோசைத் திருப்பி மாதிரி ஒரு பெரிய அயன். மூடி துருப்பிடித்த ஒரு டப்பா, அதற்குள் அந்தப் பழுப்புப் பிசுக்கு.

"சூடு நல்லா ஏத்தணும் பியா. ரெண்டு பக்கமும் உருகுனாத்தான் ஒட்டும்."

"அது வெல்டிங்கு. இதுல சாமானோட கம்பிக் காலும் உருகக்கூடாது, போர்டும் உருகக்கூடாது. ரெண்டையும் சுட வச்சா நடுவுல ஈயம் மட்டும் ஓடணும்."

"யாரு சொன்னா?"

"வீடியோவுல."

"வீடியோ," என்றார் லூயிஸ். அந்த ஒரு வார்த்தையில் உலகத்திலுள்ள அத்தனை வீடியோக்களையும் குப்பையில் போட்டார்.

பியாட்ரிஸ் சிங்கப்பூரிலிருக்கும் மகன் ரேமண்ட்டைக் கைப்பேசியில் முகம் பார்த்து அழைத்தாள். அவன் பொறியாளன். படித்தவன் சொன்னால் அப்பா அடங்குவார் என்று ஒரு நப்பாசை.

"மம்மி, அந்த டின்ன கேமராகிட்ட காட்டுங்க. அலாமாக். அது ஆசிட் மம்மி. குழாய்க்குத்தான் அது. போர்டுல வச்சா பச்சை புடிச்சு அரிச்சிரும். டேடி, என்னா டேடி இது?"

"ஒங்கப்பன் கப்பலையே..."

"கப்பல் வேற டேடி. மம்மி, நான் குடுத்த கம்பிய எடுங்க. அதுல ஈயமே கிடையாது. ஈயம் வெஷம். வீட்டுக்குள்ள அத வச்சுப் பண்ணவே கூடாது."

இந்த வாரம் ஒரு நடை வந்தபோது அவன் ஒரு சுருள் கொடுத்துவிட்டுத்தான் போனான். பியாட்ரிஸ் எடுத்தவுடன் கீபோர்டில் கை வைக்கவில்லை, அந்த அறிவு அவளுக்கு இருந்தது. செத்துப்போன டிவி ரிமோட் ஒன்றைப் பிளந்து, அதன் பலகையில் வைத்துப் பழகினாள். ரேமண்ட்டின் கம்பி லேசில் உருகவில்லை. உருகியதும் ஓடவில்லை. தனித்தனியாகச் சுருண்டு ஆட்டுப் புழுக்கை மாதிரி விழுந்தது.

"சூட்ட ஏத்துங்க மம்மி."

ஏற்றினாள். பலகையிலிருந்த செம்புப் பொட்டே பெயர்ந்து வந்துவிட்டது.

"சூட்ட எறக்குங்க மம்மி."

"ஏத்துன்றே, எறக்குன்றே. நான் என்னா லிப்டா?"

"மம்மி, எனக்கு மீட்டிங் இருக்கு. ஈவினிங் பேசுறேன். ஆங், நாளைக்கு தங்காக் போறதுக்கு டேடிய சீக்கிரம் ரெடியாகச் சொல்லுங்க. டாரில் அம்மாவும் சித்தியும் நம்ம வேன்லதான் வராங்க."

நாளைக்குப் பூசை முடிந்த கையோடு தங்காக்குக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போவதாகத் திட்டம். மாப்பிள்ளை டாரிலின் அம்மா முதன்முறையாகக் கூட வருகிறாள். வேன் ஓட்டுவது லூயிஸ். அந்தக் கவலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பியாட்ரிஸ் ஓரமாக ஒதுக்கினாள்.

ஒருவர் கொடுத்தது உருகாது, இன்னொருவர் பூசியது அரிக்கும். இரண்டு பேருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கைப்பையைத் தூக்கினாள்.

"வண்டிய எடுங்க. கடைக்குப் போயி நானே பாத்து வாங்குறேன்."

ஸ்கூடாய் சாலையில் சனிக்கிழமை நெரிசலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அந்த நெரிசலில் லூயிஸ் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனார். பக்கத்துப் பாதை காலியாகத்தான் கிடந்தது. அவர் மாறவில்லை.

"அந்த லாரியில என்னா இருக்குன்னு பின்னாடியே போறீங்க? தாண்டிப் போங்களேன்."

"அவசரப்படாத."

லாரி நின்றால் நின்றார். லாரி கிளம்பினால் கிளம்பினார். அது வலப்பக்கம் திரும்பிப் போனதும், முன்னால் சிக்னல் விளக்குக் கம்பத்தருகே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "பச்சையா?" என்றார்.

"பாத்தா தெரியல? பச்சைதான்."

"வெயில் கண்ணக் கூசுது லா."

வானம் மப்பும் மந்தாரமுமாகக் கிடந்தது. பியாட்ரிஸ் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் மனசெல்லாம் ஈய உருண்டையில் இருந்தது.

பல்கலைக்கழக மாணவர்கள் மொய்க்கிற மின்னணுச் சாமான் கடை அது. கல்லாவுக்குப் பின்னால் பகுதி நேரம் வேலை பார்க்கிற ஷாமளா என்ற பெண் ஒரு காதில் இயர்போனோடு நின்றாள்.

"பைப்பா, போர்டா ஆன்ட்டி?"

"போர்டு. சர்ச்ல வாசிக்கிற கீபோர்டு."

"முன்ன பண்ணியிருக்கீங்களா?"

"இன்னிக்கிக் காலையிலதான் ஆரம்பிச்சேன். இந்தக் கம்பியில," என்று ரேமண்ட்டின் சுருளையும், கைப்பேசியில் தன் அயனின் படத்தையும் காட்டினாள்.

"கம்பி நல்ல கம்பிதான். உங்க அயனுக்குத்தான் இதத் தாங்குற சத்து இல்ல. இது லேட்டா உருகும், புதுசா பண்றவங்கள அழ வச்சிரும்." ஷாமளா இன்னொரு சுருளை எடுத்து வைத்தாள். தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். "இத எடுங்க. வெள்ளீயம் அறுபது, ஈயம் நாப்பது. சீக்கிரம் உருகும், சொன்ன பேச்சக் கேக்கும். உள்ளயே பிசின் ஓடுது, அதனால மேல எதையும் தடவாதீங்க."

"ஈயம் வெஷம்னு என் மகன் குதிக்கிறான்."

"வெஷம்தான். சோத்துல போட்டா சாப்பிடப் போறீங்க? ஜன்னலத் தொறந்து வைங்க, புகைய மூஞ்சில வாங்காதீங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. அவ்ளோதான்."

இப்படிப் பேச நம் வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்று பியாட்ரிஸுக்கு ஏக்கமாக இருந்தது. பையிலிருந்து துருப்பிடித்த டப்பாவை எடுத்து வைத்தாள். ஷாமளா இயர்போனைக் கழற்றினாள்.

"இத யாரு போர்டுல தடவுனது?"

"யாரோ தெரியாமத் தடவிட்டாங்க," என்றார் வாசலருகே நின்ற லூயிஸ்.

"இன்னிக்கே எடுத்துருங்க ஆன்ட்டி. இந்தச் செம்புப் பின்னல வச்சு மேல அயன வைங்க, பழைய ஈயத்த அப்படியே உறிஞ்சிரும். அப்பறம் இந்த ஆல்கஹால ஊத்தி டூத் பிரஷ்ல தேயிங்க. முக்கியமா ஒண்ணு. ஈயத்த அயன்ல உருக்கி எடுத்துட்டுப் போயி வைக்காதீங்க. எல்லாரும் மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க."

பியாட்ரிஸ் காலை முழுக்க அதைத்தான் செய்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையல் மேசை மறுபடியும் ஆஸ்பத்திரியானது. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஈரப் பஞ்சில் அயன் முனையைத் துடைத்து, அதன்மேல் துளி ஈயம் பூசிக்கொண்டாள். ரிமோட் பலகையில் ஒரு காலையும் அதன் செம்புப் பொட்டையும் சேர்த்து அயனால் தொட்டாள். ஒரு மூச்சு விட்டாள். எதிர்ப்பக்கமிருந்து கம்பியை நீட்டினாள். ஈயம் சட்டென்று உருகிக் காலைச் சுற்றி ஓடி, மூக்குத்தி மாதிரி பளபளத்து நின்றது.

"அட," என்றாள் பியாட்ரிஸ்.

"என்னா?" என்றார் லூயிஸ்.

"பாருங்க."

லூயிஸ் குனிந்து பார்த்தார். "ம். பரவால்ல."

கப்பலை ஒட்டினவரிடமிருந்து அவ்வளவுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மேலும் ஏழெட்டு மூக்குத்திகள் வைத்துப் பழகினாள். பிறகு கீபோர்டுக்கு வந்தாள். கோலிக்குண்டைச் செம்புப் பின்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. பிசுக்கைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு டூத் பிரஷ் வீணாயின. மத்தியானச் சோறு ஆறிப்போனது. ஒரு வழியாகப் பலகை சுத்தமானதும் புதுச் சிக்கல் வந்தது. பிடிமானம் போன, ஒயர் செருகும் துளைப் பெட்டி, பலகையைக் கவிழ்த்தால் கீழே விழுந்தது. குறடால் அதைப் பிடிக்க ஒரு கை, அயனுக்கு ஒரு கை, கம்பியை நீட்ட ஒரு கை. ஆண்டவர் இரண்டுதான் கொடுத்திருக்கிறார்.

"சும்மாதான நிக்கிறீங்க. இந்தக் கம்பியப் புடிங்க. நான் அயன வச்சதும் அந்தக் கால்ல தொடுங்க."

லூயிஸ் கம்பியை வாங்கினார். அவள் அயனை வைத்தாள். கம்பி காலைத் தொடவில்லை. அரை அங்குலம் தள்ளி வெறும் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அங்க இல்ல. கால்ல."

கம்பி நகர்ந்தது. இப்போது அவள் கட்டைவிரலைக் குத்தியது.

"என்னாங்க நீங்க. பாத்து வைங்களேன். வெளையாடுற நேரமா இது? அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும்."

"லைட்டு பத்தல."

"லைட்டு தலைக்கு மேல எரியுது."

மூன்றாவது தடவை லூயிஸ் வேறு மாதிரி செய்தார். இடது கையை நீட்டி, விரல் நுனியால் பலகையைத் தடவி, அந்தக் காலைத் தேடினார். விரல் நேராக அயன் முனையை நோக்கிப் போனது. பியாட்ரிஸ் அயனைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு? சுடுற அயன யாராச்சும் விரலால..."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கொப்புளங்கள். நேற்றைய கொப்புளங்கள். காலையில் கோப்பிக் குவளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தது சூட்டுக்காக இல்லை.

வாழ்நாளெல்லாம் நெருப்போடு பிழைத்த மனிதர். சுடுகிற இரும்பை விரலால் தேடக்கூடாது என்று அவருக்கா தெரியாது?

"நேத்து இப்படித்தான் தடவித் தடவி வச்சீங்களா?"

லூயிஸ் கையை உருவிக்கொண்டார்.

"எப்போலருந்து?"

"எது எப்போலருந்து?"

"என்கிட்ட கப்பல் ஓட்டாதீங்க. கண்ணு எப்போலருந்து தெரியல?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்காருமுன் அதன் முதுகைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இதையும் அவர் பல மாதமாகச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அவள்தான் வயசு என்று விட்டிருக்கிறாள்.

"தீபாவளிக்கு முன்னாடிலருந்து. கிட்ட சுத்தமா தெரியல. தூரத்துல எல்லாம் பனி விழுந்த மாதிரி. லைட்டப் பாத்தா தெறிக்குது."

லாரி அவள் மனசுக்குள் ஓடியது. முன்னால் போகிற பெரிய உருவத்தைப் பிடித்துக்கொண்டு அது நின்றால் நின்று, அது போனால் போய். பச்சையா என்று கேட்டு. அந்த வண்டியில்தான் அவளும் உட்கார்ந்து வந்தாள். அவளுக்குக் கோபம் பொங்கியது. அயனை அதன் தாங்கியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்னான்னு சொல்லிருப்பாங்க இல்ல? புரையா இருந்தா எடுத்துருவாங்க. ஊர்ல எத்தன பேரு எடுத்துட்டு நல்லா நடமாடுறாங்க. ஒங்களுக்கு மட்டும் என்னா?"

"புரைன்னா சரி. வேற எதாச்சும்னு சொல்லிட்டா?" அவர் விரலைப் பார்த்தபடி பேசினார், பார்ப்பதுபோலத்தான். "எங்கூட வேல பாத்த கனகராஜுக்குப் பார்வை திரும்பாதுன்னுதான் சொன்னாங்க. மிஷேலக் கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது நான் பியா. கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் எல்லாரையும் வண்டியில ஏத்திட்டு லாரி பின்னாடி போவீங்க."

லூயிஸ் கையிலிருந்த கம்பியை மேசைமேல் வைத்தார்.

"கண்ணு தெரியாம எதுக்குங்க இதுல கை வச்சீங்க? நான்தான் பண்றேன்னு சொன்னேன்ல?"

"கோயில்ல முன்னாடி ஒண்ணும் தெரியறதில்ல எனக்கு. நிழல் நிழலா ஆடுது. நீ வாசிக்கிறத வச்சுத்தான் நான் பூசையே பாக்குறேன். நீ ஆரம்பிச்சா எழும்புவேன், நிறுத்துனா முழங்கால் போடுவேன். போன வாரம் நடுவுல நின்னு போச்சு, அப்பறம் வேற என்னமோ சத்தம் வந்துச்சு. எங்க இருக்கோம்னே புரியல. ட்ராக் வந்துருச்சுன்னா எனக்குக் கஷ்டம் பியா. அதான் எப்படியாச்சும் சரி பண்ணிரணும்னு."

பியாட்ரிஸுக்கு அழுகை வந்தது. அழுதால் மூக்குக் கண்ணாடியில் நீராவி படியும், வேலை கெடும். கொடிக்கம்பம் மாதிரி நின்றவரை நினைத்து ஒரு வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்த வாய் அவளுடையது. மூக்கைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள்.

"கிட்ட வாங்க."

"என்னா?"

"கம்பி வேணாம். குறடப் புடிங்க. இந்தப் பெட்டிய பலகையோட சேத்து இறுக்கிப் புடிச்சுக்குங்க. அதுக்குக் கண்ணு தேவையில்ல."

அவள் அவர் கையைக் கொண்டுபோய் இடத்தில் வைத்தாள். லூயிஸ் குறடால் பிடித்தார். அதன் பிறகு அந்தக் கை அசையவே இல்லை. கப்பலை ஒட்டின கை அது, அதில் பொய் ஒன்றுமில்லை. பியாட்ரிஸ் ஒரு கையில் அயனும் மறு கையில் கம்பியுமாகக் குனிந்தாள். காலையும் பொட்டையும் சேர்த்துத் தொட்டாள், ஒரு மூச்சு விட்டாள், கம்பியை நீட்டினாள். ஈயம் ஓடியது. அடுத்த கால். அதுவும் ஓடியது. கடைசியில் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டாள், அழகாக இல்லை, ஆனால் ஆட்டிப் பார்த்தபோது அசையவில்லை.

ஒயரைச் செருகி, பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஒயரை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். விளக்கு அணையவில்லை. நின்றபடியே 'தூயவர்' பாட்டின் முதல் இரண்டு வரியை வாசித்தாள்.

லூயிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உக்காருங்க. இது சமையக்கட்டு," என்றாள் பியாட்ரிஸ்.

இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். அவர் கொப்புளத்துக்கு மருந்து தடவிவிட்டாள். கீபோர்டை வேனின் பின் இருக்கையில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்தாள். லூயிஸ் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

பியாட்ரிஸ் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"பக்கத்துலதான கோயிலு," என்றார்.

"சாவி."

"ஒனக்கு ஹைவே பயம்."

"பயம்தான். சாவியக் குடுங்க."

அவர் கொடுத்தார். சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறினார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து பியாட்ரிஸ் பார்த்ததே இல்லை. பெல்ட்டைத் தேடித் தடவினார், அவள்தான் இழுத்து மாட்டினாள்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லாத பியா. கல்யாணம் வரைக்கும்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரசு ஓட்டுநர் உரிமம் கொடுத்த நாளிலிருந்து மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும், அதுவும் உள் சாலையில் மட்டும் ஓட்டியவள், உள் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் ஹைவேயில் ஏறினாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். அவள் அவனைத் திட்டினாள். மனசுக்கு நன்றாக இருந்தது.

சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றபோது கைப்பேசி அடித்தது. ரேமண்ட். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மம்மி, கீபோர்டு?"

"ஆச்சு."

"நான் குடுத்த கம்பியா?"

"இல்ல."

"மம்மி... சரி விடுங்க. டேடிகிட்ட குடுங்க. டாரில் அம்மா கேக்குறாங்க, நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி எடுக்குறாருன்னு. டேடி ஓட்டுனா பயமே இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

லூயிஸ் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்புளம் விட்ட விரல்கள் அவர் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

"டேடி ஓட்டல," என்றாள் பியாட்ரிஸ். "நான்தான் ஓட்டுறேன். இப்பவும் நான்தான் ஓட்டிட்டிருக்கேன்."

"நீங்களா? ஹைவேலயா? ஏன் மம்மி, டேடிக்கு என்னா?"

லூயிஸ் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அவள் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பச்சையா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பியாட்ரிஸ் விளக்கைப் பார்த்தாள்.

"பச்சைதான்," என்று சொல்லிவிட்டு, ரேமண்ட்டுக்குப் பதில் சொல்லாமலே வண்டியை எடுத்தாள்.